சென்டர் ஸ்பீக்கர் ஊமையான வீடு: 5.1 ஒலியை ஏசி-3க்கு மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூருக்கு அருகே ஒரு சிறு நகரம். வீட்டில் இரண்டே பேர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற எழுபது வயதுப் பெரியவர், அவர் மனைவி. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார். நான் மகளோடு கல்லூரியில் படித்தவன். பெரியவர் இருக்கும் ஊரிலேயே நானும் இருப்பதால் கணினி, கேபிள் சம்பந்தமாக ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

பெரியவருக்கு ஐந்தாறு ஆண்டுகளாகக் காது மந்தம். வயதால் வரும் மந்தத்தில் கீச்சென்ற உயர் ஒலிகள்தான் முதலில் போகும். மிருதங்கம் நன்றாகவே கேட்கும். பேச்சில் வரும் ச, ஷ, ஃப போன்ற ஒலிகள் கரைந்துவிடும். ஆள் பேசுவது காதில் விழும், என்ன பேசினார் என்பது பிடிபடாது.

இதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் 2012இல் திருச்சியில் ஒரு ஆடியோ கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனித் திருகு உண்டு. 5.1 என்றால் இடது, நடு, வலது, இடது பின், வலது பின் என ஐந்து ஸ்பீக்கர்களுக்கும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலித் தடம். அந்தப் படங்களில் பேச்சு பெரும்பாலும் நடுவிலுள்ள சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அந்தத் திருகை முக்கால்வாசி ஏற்றி, மற்றவற்றைத் தாழ்த்தி வைத்துக்கொள்வார். வசனம் பின்னணி இசையிலிருந்து பிரிந்து எதிரே நின்று பேசுவதுபோல் வரும். காது மந்தமானவர்களுக்கு இதைவிட எளிய உதவி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டிக்குள், சுருக்கிய ஒலியைப் பிரித்துத் தரும் டிகோடர் போர்டுக்குத் தெரிந்தது இரண்டு வடிவங்கள்தான்: டால்பி டிஜிட்டல் எனப்படும் ஏசி-3, அப்புறம் சாதாரண டிடிஎஸ். பின்னால் டிஜிட்டல் ஒலியை வாங்க ஒரு ஆப்டிகல் (ஒளிக் கம்பி) துளை, ஒரு கோஆக்சியல் (செம்புக் கம்பி) துளை. ஹெச்டிஎம்ஐ கிடையாது. டிவிடி பிளேயரைக் கோஆக்சியலில் செருகிப் பத்து வருடம் சிக்கலில்லாமல் ஓட்டினார்கள்.

புகார்

டிவிடி பிளேயரின் லென்ஸ் போனது. மகள் ஒரு மினி பிசி வாங்கி, அதில் லிப்ரெஎலெக் என்ற இயங்குதளம் போட்டு, கோடி என்ற மீடியா பிளேயரை ஓட வைத்தார். எக்ஸ்பிஎம்சி என்று இருந்து 2014இல் பெயர் மாறிய அதே மென்பொருள்தான். வீட்டிலிருந்த டிஸ்க்குகளை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார். வேறு படங்களையும் சேர்த்தார். மினி பிசியிலிருந்து ஹெச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியின் ஆப்டிகலிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு. படம் ஓடியது, சத்தம் வந்தது. அவர் பெங்களூர் திரும்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் என்னை போனில் கூப்பிட்டார். "தம்பி, பாட்டு நல்லா கேக்குது, சண்டையும் கேக்குது. ஆள் வாயை அசைக்கிறான், பேச்சு மட்டும் வரல." அதற்குள் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து, டிகோடர் போர்டு போய்விட்டது, புது செட் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா போனை வாங்கித் தணிந்த குரலில் சொன்னது வேறு. "அவருக்குக் காது இன்னும் மோசமாயிட்டுதோன்னு நினைச்சுக்கிட்டிருக்காருப்பா. படமே பாக்க மாட்டேங்குறாரு."

முதல் நாள் பார்த்தது

எந்த செட்டிங்கையும் தொடாமல் ஐந்து வகைக் கோப்புகளை ஓட்டிப் பார்த்தேன்.

டிவிடியிலிருந்து எடுத்த ஏசி-3 படங்களில் பேச்சு வந்தது. ஆனால் இடது வலது ஸ்பீக்கர்களில் இசையோடு கலந்து வந்தது, சென்டர் ஊமை. டிடிஎஸ், டிடிஎஸ்-ஹெச்டி படங்களில் சத்தமே இல்லை. ஏஏசி என்ற இன்னொரு சுருக்கு வடிவத்தில் இருந்த 5.1 கோப்புகளில்தான் அவர் சொன்ன கோளாறு: இசையும் வெடிச்சத்தமும் உண்டு, வசனம் அறவே இல்லை. டால்பி டிஜிட்டல் பிளஸ் (ஏசி-3யின் அடுத்த வடிவம்) கோப்புகள் ஏசி-3 போலவே நடந்துகொண்டன. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இடது வலதில் ஒலி இருந்தது, சென்டர் அங்கேயும் ஊமைதான்.

எங்களை ரொம்ப நேரம் குழப்பியது இதுதான்: ஒரே கோளாறு போலத் தெரிந்தது உண்மையில் மூன்று கோளாறுகள். அதனால்தான் எந்த ஒரு செட்டிங்கை மாற்றினாலும் ஒன்று சரியாகி இன்னொன்று கெட்டது.

காதை நம்பி வேலை செய்வதை நிறுத்திவிட்டு ஒரு சோதனைக் கோப்பு செய்தேன். அம்மாவின் குரலை போனில் பதிந்தேன்: "இடது", "நடு", "வலது", "இடது பின்", "வலது பின்". சப்வூஃபருக்கு ஒரு தாழ்ந்த முழக்கம். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளால் ஒவ்வொரு குரலையும் அதற்குரிய தடத்தில் வைத்து, ஏசி-3, டிடிஎஸ், ஏஏசி, டால்பி டிஜிட்டல் பிளஸ், ஃபிளாக் என ஐந்து வடிவங்களில் எடுத்தேன். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே கையைக் காட்டினார். ஏஏசி கோப்பில் "இடது" கேட்டது, "வலது" கேட்டது, "நடு" எங்குமே இல்லை. மனைவியின் குரலே வரவில்லை என்றதும்தான் கோளாறு தன் காதில் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. அன்றைய வேலையில் பெரிய பலன் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆறு எப்படி இரண்டானது

ஆப்டிகல் கம்பி அகலம் குறைந்த பாதை. சுருக்காத பிசிஎம் ஒலி என்றால் அதில் இரண்டு தடங்கள்தான் போகும். 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடம். வினாடிக்கு 15,36,000 பிட். ஆறு தடங்களை அப்படியே அனுப்ப 46,08,000 பிட் வேண்டும். அதற்கு அங்கே வழியில்லை. ஏசி-3 ஆறு தடங்களையும் சுருக்கி அதிகபட்சம் 6,40,000 பிட்டுக்குள் அடக்குவதால் தாராளமாகப் போகும். முழு வேக டிடிஎஸ் ஏறக்குறைய 15 லட்சம், பாதையை நிரப்பிக்கொண்டு போகும். டால்பி ட்ரூஹெச்டியும் டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோவும் இதைவிடப் பல மடங்கு. அவற்றுக்கு ஹெச்டிஎம்ஐ வேண்டும்.

நடுவில் டிவி உட்கார்ந்திருந்தது. அதன் மெனுவில் டிஜிட்டல் ஒலி 'பிசிஎம்' என்று இருந்தது. ஏசி-3 வந்தால் டிவியே அதைப் பிரித்து இரண்டு தடமாகக் கலந்து ஆப்டிகலில் விட்டது. கலந்த பின் சென்டர் என்று தனியாக எதுவும் மிஞ்சாது. டிடிஎஸ் அந்த டிவிக்குத் தெரியாத வடிவம். ஆனால் கோடியில் பாஸ்த்ரூ, அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பட்டியலிலிருந்த எல்லாப் பெட்டிகளிலும் டிக் போட்டிருந்ததால் பிளேயர் அதைப் பிரிக்காமல் அப்படியே தள்ளியது. டிவி வாயை மூடிக்கொண்டது.

ஏஏசிதான் விசித்திரம். அதை பாஸ்த்ரூவில் அனுப்பும் வசதி கோடியில் இல்லை. அதுவே பிரித்துத்தான் அனுப்பும். சானல் எண்ணிக்கை 5.1 என்று வைத்திருந்தது, டிவியும் ஆறு தட பிசிஎம் வாங்குவேன் என்று ஒத்துக்கொண்டது. ஆறும் டிவிக்குப் போயின. டிவி முதல் இரண்டை மட்டும் ஆப்டிகலில் விட்டு மீதி நான்கைக் கீழே போட்டது. போட்ட நான்கில் ஒன்று சென்டர், அதாவது வசனம். முறையாகக் கலந்திருந்தால் சென்டரில் பாதிப் பாதி இடதிலும் வலதிலும் சேர்ந்திருக்கும். இங்கே அதுவும் நடக்கவில்லை.

வழிகளும் முடிவும்

மகளிடம் பேசினேன். ஹெச்டிஎம்ஐ உள்ள புது ரிசீவர் (டிகோடரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) வாங்கித் தருகிறேன் என்றார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுதான் நேரான வழி; எந்த மாற்றமும் இல்லாமல் எல்லா வடிவங்களும் ஓடும். பெரியவர் வேண்டாம் என்றார். செலவைச் சொல்லவில்லை, திருகைச் சொன்னார். புது ரிசீவரில் சென்டரை ஏற்ற மெனுவுக்குள் போக வேண்டும். இதில் இருட்டில் கையை நீட்டினால் போதும். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இரண்டாவது வழி, எல்லாப் படங்களின் ஒலியையும் முன்கூட்டியே ஏசி-3 ஆக மாற்றி வைப்பது. செய்யலாம். ஆனால் மகள் அவ்வப்போது புதுப் படங்கள் அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் யாராவது மாற்ற வேண்டும். நான் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

மூன்றாவது, படம் ஓடும்போதே கோடி ஒலியை ஏசி-3 ஆக மாற்றி அனுப்புவது. டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங் என்று அதிலேயே ஒரு வசதி இருக்கிறது. 640 கிலோபிட்டில் மாற்றுகிறது. டிவிடியில் ஏசி-3க்கு உச்சவரம்பே 448தான். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை இன்னொரு முறை சுருக்குவதால் தரம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. இந்தக் காதுக்கும், இந்த ஸ்பீக்கருக்கும், வசனம் தெளிவாக வருவதற்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல என்று முடிவு செய்தேன்.

முதலில் கம்பியை மாற்றாமலே செய்து பார்த்தேன். டிவி மெனுவில் பிசிஎம்மை எடுத்துவிட்டு 'பிட்ஸ்ட்ரீம்' (வந்ததைப் பிரிக்காமல் அனுப்புவது) வைத்து, கோடியில் டிரான்ஸ்கோடிங் போட்டதும் சென்டர் பேசியது. மறுநாள் மாலையே மறுபடி ஊமை. அம்மா சீரியல் பார்க்க டிவி ஸ்பீக்கருக்கு மாற்றித் திரும்பும்போது அந்த டிவி பிசிஎம்முக்கே போய்விடுகிறது. தினமும் ஒருவர் மெனுவுக்குள் போக வேண்டிய ஏற்பாடு இந்த வீட்டில் நிலைக்காது. டிவியை ஒலிப் பாதையிலிருந்து முழுவதும் எடுத்துவிடத் தீர்மானித்தேன்.

அமைப்பை மாற்றிய விதம்

மினி பிசியின் பின்பக்கம் ஹெட்ஃபோன் துளை போல ஒன்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம். ஆப்டிகல் வெளியீடு அதற்குள்ளேயே இருக்கிறது. சதுர முனையை உருண்டை முனையாக்கும் சின்ன அடாப்டர் ஒன்று போதும். அதை வரவழைத்து, ஆப்டிகல் கம்பியை நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன். ஹெச்டிஎம்ஐயில் இனிப் படம் மட்டும். சீரியலும் செய்தியும் டிவி ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும் என்று அம்மாவும் சொன்னார்.

கோடியின் சிஸ்டம் பக்கத்தில் ஆடியோ பகுதி. ஒலி வெளியீடு, பாஸ்த்ரூ வெளியீடு இரண்டையும் ஆப்டிகலுக்கு மாற்றினேன். அடுத்தது பலர் தடுக்கி விழும் இடம்: சானல் எண்ணிக்கை 2.0. 5.1 வேண்டும் என்பவர் 2.0 வைப்பது தலைகீழாகத் தெரியும். ஆனால் அங்கே கேட்பது பிசிஎம்மாக எத்தனை தடம் போகும் என்பதைத்தான். ஆப்டிகலுக்கு விடை இரண்டு. அப்படி வைத்தால்தான் டிரான்ஸ்கோடிங் வரியே கண்ணில் படும்.

அப்புறம் பாஸ்த்ரூவைத் திறந்து, ஏசி-3க்கு டிக், டிரான்ஸ்கோடிங்குக்கு டிக், டிடிஎஸ்ஸுக்கு டிக். டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மூன்றிலும் டிக்கை எடுத்தேன். அந்த டிக் போர்டுக்கு என்ன தெரியும் என்று பிளேயருக்கு நாம் கொடுக்கும் வாக்குமூலம். போர்டுக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் மௌனம் வரும், இல்லையென்றால் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். அதனால் முதல் ஓட்டத்தில் வால்யூமை அடியில் வைத்திருந்தேன்.

டிடிஎஸ்-ஹெச்டிக்குள் சாதாரண டிடிஎஸ் ஒன்று கருவாக இருக்கும். அது மட்டும் உருவப்பட்டு போர்டுக்குப் போகிறது. ட்ரூஹெச்டிக்குள் அப்படி ஒன்று கிடையாது. அதை கோடி முழுக்கப் பிரித்து ஏசி-3 ஆக மாற்றுகிறது. 7.1 என்றால் 5.1க்குள் சேர்ந்துவிடும், ஏசி-3யில் அதற்கு மேல் இடமில்லை.

சோதனைக் கோப்புகளை மறுபடி ஓட்டினோம். ஐந்திலும் "நடு" நடுவில் வந்தது. "இடது பின்" வலது பின்னாலிருந்தும், "வலது பின்" இடது பின்னாலிருந்தும் வந்தன. பத்து வருடமாகப் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் இடம் மாறியே கிடந்திருக்கின்றன. பெரியவர் எழுந்து, ஸ்க்ரூ டிரைவர் எடுத்து, அவரே மாற்றிப் போட்டார்.

முதல் வாரம்

மூன்று தொல்லைகள் வந்தன.

படம் தொடங்கும்போதும், நிறுத்தி மறுபடி ஓட்டும்போதும் முதல் ஒரு வினாடி ஒலி இல்லை. வடிவம் மாறும்போது போர்டு அதை அடையாளம் காண அவ்வளவு நேரம் எடுக்கிறது. ஆடியோ சாதனத்தை எப்போதும் விழிப்பில் வைக்கும் செட்டிங்கை 'எப்போதும்' என்று வைத்தேன். குறைந்தது, போகவில்லை.

ஒலி உதட்டுக்கு முந்தியது. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கிறது. முன்பு ஒலியும் அதே டிவி வழியாக வந்ததால் தெரியவில்லை. ஓடும் படத்தில் ஒலித் தாமதத்தை 25 மில்லி வினாடிப் படிகளாக ஏற்றி, 100இல் உதடும் பேச்சும் சேர்ந்தன. எல்லாப் படங்களுக்கும் அதையே நிலையாக வைத்தேன்.

மூன்றாவது, டிவிடிப் படங்களை ஓட்டும்போது மினி பிசி ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யவில்லை. பிரிக்காமல் அனுப்பும் ஒலியைப் பிளேயரால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெரியவருக்கு இது குறையாகவே படவில்லை. அவர் கை எப்போதும் திருகில்தான்.

பழைய படங்களும் என் தவறும்

கறுப்பு வெள்ளைப் படங்கள் பாக்கி இருந்தன. இரண்டு தட ஒலியை கோடி ஏசி-3 ஆக மாற்றுவதில்லை, பிசிஎம்மாகவே அனுப்புகிறது. சென்டர் அங்கே இன்னும் ஊமை. இவர்கள் வீட்டில் அதிகம் ஓடுவதே அந்தப் படங்கள்தான்.

இவை மோனோ. இரண்டு தடத்திலும் ஒரே ஒலி இருப்பதால் அதை முன்கூட்டியே 5.1 ஆக்கிவிடலாம். எஃப்எஃப்எம்பெக்கில் ஒலியைச் சென்டர் தடத்தில் முழுதாக வைத்து ஏசி-3 ஆக்கினேன். படத்தைத் தொடாமல் நகலெடுக்கச் சொன்னதால் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்தான். சென்டரில் மட்டும் வந்தபோது ஒரு பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று அம்மா சொன்னார். இடது வலதிலும் கொஞ்சம் தாழ்த்திச் சேர்த்தேன். இருவருக்கும் பிடித்தது.

அந்த உற்சாகத்தில் இரண்டு தட ஒலி உள்ள நாற்பது படங்களை ஒரே ஓட்டமாக மாற்றும்படி எழுதி, இரவில் ஓட விட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைவாக இருந்ததால் பழைய கோப்பின் மேலேயே எழுத வைத்தேன். இரண்டு தடம் என்றால் மோனோ என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. அவற்றில் இரண்டு, தொண்ணூறுகளில் வந்த உண்மையான ஸ்டீரியோ படங்கள். பாட்டில் இடமும் வலமுமாக விரிந்திருந்த வாத்தியங்களெல்லாம் நடுவில் குவிந்துவிட்டன. அம்மாதான் கண்டுபிடித்தார். ஒன்றை டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுத்துவிட்டேன். இன்னொரு டிஸ்க் கீறல் விழுந்து, பாதிக்கு மேல் படிக்கவில்லை. அந்தப் படத்தை என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

ஒரு தடத்திலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்திருந்தால் போதும். மோனோ என்றால் மிச்சம் ஏறக்குறைய மௌனமாக இருக்கும். ஸ்டீரியோ என்றால் வாத்தியங்கள் மிச்சத்தில் கேட்கும். ஒரு நிமிட வேலை.

மூன்று மாதத்துக்குப் பின்

ஆம்ப்ளிஃபயர் அதேதான். போய்விட்டது என்று மெக்கானிக் சொன்ன போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் அனுப்பும் படம் எந்த வடிவில் இருந்தாலும், 5.1 என்றால் சென்டரில் பேச்சு வருகிறது. புதிதாக வரும் மோனோ படங்களை மட்டும் நான் மாதம் ஒரு தடவை போய் மாற்றித் தருகிறேன். முதல் வினாடி வெட்டு இருக்கிறது, பழகிவிட்டது என்கிறார்கள். மாற்றிய படங்கள் டிவிடிப் படங்களைவிடச் சற்று உரக்க ஒலிக்கின்றன, அதைத் திருகில் சரிசெய்துகொள்கிறார்.

பெரியவர் காது பரிசோதனைக்கும் போய்வந்தார். கேட்கும் திறன் முன்பு இருந்த அளவிலேயே இருப்பதாக மருத்துவர் சொன்னாராம்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

வீட்டுக்குள் நுழைந்ததும் செட்டிங் பக்கத்துக்குப் போகாமல், ஒலி எந்தக் கம்பி வழியாக எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரைவேன். இங்கே அதை இரண்டாம் நாள்தான் செய்தேன். வரைந்திருந்தால் டிவி வழியாக ஓட்டிப் பார்த்த ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

சோதனைக் கோப்பை அந்த வீட்டு ஆள் குரலிலேயே முதல் வேலையாகச் செய்வேன். எந்தக் கோப்பின் மேலும் எழுத மாட்டேன். மாற்றிய ஒலியைக் கூடுதல் தடமாகச் சேர்த்து, மூல ஒலியை உள்ளேயே விட்டுவைப்பேன். ஒலித் தடத்துக்கு ஆகும் இடம் படத்துக்கு ஆகும் இடத்தோடு பார்த்தால் மிகக் கொஞ்சம். இடப் பற்றாக்குறை என்று நான் சொன்ன காரணம் சரியான காரணமே அல்ல.

செட்டிங் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு பிரதியை அச்செடுத்து, எந்தப் பெட்டியில் ஏன் டிக் என்று தமிழில் எழுதி, ஆம்ப்ளிஃபயர் மூடியின் உட்புறம் ஒட்டினோம். டிகோடர் போர்டு என்றாவது உண்மையிலேயே போய், வேறு போர்டு மாட்ட வேண்டி வந்தால், மாட்டுகிறவர் முதலில் பார்க்கப்போகும் இடம் அது.